ரேஸ் கோர்ஸ், ரத்மலானை, கட்டுநாயக்க: போர்க்கால விமானத்தள டூர் நல்லா இருக்கு, ஆனா செலவுக் கணக்கு எங்க?

முதல்லயே சொல்லிடுறன், 5க்கு 4. ஒரு நட்சத்திரம் குறைச்சதுக்கு வேனோ சாப்பாடோ காரணம் இல்ல. இந்த விமானத்தளங்களுக்கு யார் காசு கட்டினது எண்ட கதை டூரில ஒரு இடத்திலயும் ஒழுங்கா வரல, வந்த ஒரு இடத்திலயும் பிழையா வந்திச்சு. அதைப் பற்றி கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், அதனால போகலாமா வேணாமா எண்டு மட்டும் பாக்க வந்தவங்களுக்கு இப்பவே பதில்: போங்க, கட்டாயம் போங்க, பிள்ளைகளையும் கூட்டிட்டு போங்க.

இரண்டாம் உலகப்போர் காலத்தில கொழும்பைச் சுத்தி இருந்த விமானத்தளங்களை ஒரே நாளில காட்டுறாங்க. காலமை வெள்ளவத்தை காலி வீதியில வந்து ஏத்துறாங்க, முதல்ல ரேஸ் கோர்ஸ், பிறகு ரத்மலானை விமானப்படை மியூசியம், மத்தியானச் சாப்பாடு, பின்னேரம் எக்ஸ்பிரஸ்வேயால கட்டுநாயக்க. ஆளுக்கு 6500 ரூபா, சாப்பாடு எல்லாம் அதுக்குள்ளயே. முழுக்கத் தமிழில. இது எனக்கு பெரிய விசயம், ஏன் எண்டா கொழும்பில நான் போன இப்பிடியான டூர் எல்லாமே இங்கிலீஷ் இல்லாட்டி சிங்களம்தான், தமிழ்ல ஒருத்தர் நிண்டு இந்த நகரத்தின்ர கதையைச் சொல்ல நான் இப்பத்தான் கேக்கிறன், அம்மாவும் எங்களோட வந்தவ, அவவுக்கு ஒரு வசனம் கூட நான் பக்கத்தில இருந்து விளங்கப்படுத்தத் தேவைப்படல, அவவே கேள்வி கேட்டு அவவே பதில் வாங்கினா.

ரேஸ் கோர்ஸ் பகுதிதான் இந்த டூரின்ர உச்சம் எண்டு சொல்லுவன். இப்ப கடையும் சாப்பாட்டுக் கடையுமா இருக்கிற அந்த பழைய ஸ்டாண்டுக்கு முன்னால எங்களை நிப்பாட்டி, கைட் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில இருந்து பெரிசா பிரிண்ட் எடுத்த ஒரு வரைபடத்தை எடுத்தார். அதில குதிரை ஓடுற வட்டம் பென்சில் கோடு மாதிரி மெல்லிசா, அதுக்கு நடுவில ரன்வே மட்டும் சிவப்பு மார்க்கரால தடிப்பா போட்டிருக்கு, அந்தச் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் போகுது எண்டு வரைபடத்தைத் திருப்பித் திருப்பி எங்களுக்கு முன்னால இருக்கிற புல்லோட பொருத்திக் காட்டினார். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பான் கடற்படைத் தளபதி நகுமோவின்ர விமானந்தாங்கிக் கப்பல்கள்ல இருந்து ஃபுச்சிடா தலைமையில வந்த ஜப்பான் விமானங்களுக்கு ரத்மலானை தெரியும், துறைமுகம் தெரியும், ஆனா கறுவாத்தோட்டத்துக்கு நடுவில இருக்கிற குதிரைத் திடல்ல இருந்து ஹரிக்கேன் எண்ட பிரிட்டிஷ் சண்டை விமானம் ஏறி வரும் எண்டு தெரியாது. 258ம் ஸ்குவாட்ரன் இங்க இருந்து ஏறினது, 30ம் ஸ்குவாட்ரன் ரத்மலானைல இருந்து. முதல் நாள் காலிக்குக் கிட்ட இருக்கிற கொக்கலைல இருந்து கட்டலினா எண்ட கடல்விமானம் எடுத்துக்கொண்டு போன கனடாக்காரர் பேர்ச்சல் கடலில ஜப்பான் கப்பல்கூட்டத்தைக் கண்டு செய்தி அனுப்பி, அது அனுப்பிக்கொண்டிருக்கேக்கயே சுட்டு விழுத்தப்பட்டு பிடிபட்டது, பிறகு கொழும்புத் துறைமுகத்துக்குள்ளயே ஹெக்டர், டெனடோஸ் எண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரெண்டும் தாண்டது, அதே நாள் தெற்குக் கடலில டோர்செட்ஷயரும் கோர்ன்வோலும், நாலு நாளைக்குப் பிறகு திருகோணமலைல தாக்குதல், மட்டக்களப்புக் கடலில விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ். எல்லாத்தையும் மனுசன் ஒரு துண்டுப் பேப்பரும் பாக்காம சொன்னார். என்ர மகன் வாய் திறக்காம கேட்டுக்கொண்டு நிண்டான், அது லேசில நடக்கிற காரியம் இல்ல.

ரத்மலானை மியூசியத்தில எனக்கு குறை சொல்ல ஒண்டும் இல்ல. ஹாங்கருக்குள்ள டகோட்டா, ஜெட் ப்ரொவோஸ்ட், மிக்-17 எல்லாம் கிட்டப் போய்ப் பாக்கலாம், டகோட்டாவின்ர வயித்துப் பக்கம் குனிஞ்சு பாத்தா ஆணி அடிச்ச புள்ளிகள் வரிசை வரிசையா, பெயிண்ட்டை எத்தனை தரம் மேல மேல அடிச்சிருக்கிறாங்க எண்டு அந்த ஆணி மொட்டையா போயிருக்கிறதில தெரியுது. இங்க கைட் சொல்லாம விட்ட ஒண்டை நான் சேக்கிறன், தமிழாக்களுக்கு அது முக்கியம் எண்டதால. எயார் சிலோனின்ர முதல் பயணம் 1947 டிசம்பர் 10, இதே ரத்மலானைல இருந்து ஒரு டகோட்டா, சீதா தேவி எண்டு பேர், போன வழி காங்கேசன்துறை, அங்க இருந்து மெட்ராஸ். நாட்டின்ர சொந்த விமான சேவையின்ர முதல் பயணமே காங்கேசன்துறைக்குப் பக்கத்துப் பலாலியில இறங்கித்தான் போயிருக்கு. வேனில பாதிப்பேர் வடக்கு ஆக்கள், அதை ஒரு வசனம் சொல்லியிருந்தா சனம் நிமிர்ந்து இருந்திருக்கும்.

சரி, இப்ப விசயத்துக்கு வாறன்.

மத்தியானம் சாப்பிட்டு வேனில ஏறி கட்டுநாயக்க போகேக்க கைட் மைக்கில சொன்னார், ரத்மலானை, கட்டுநாயக்க, திருகோணமலைச் சீனக்குடா, பலாலி, இதெல்லாம் வெள்ளைக்காரன் தன்ர காசில கட்டி எங்களுக்கு சும்மா தந்திட்டு போனது, நாங்க அதுக்குப் பிறகு ஒண்டும் பெரிசா செய்யல எண்டு. பின் சீட்டில இருந்த ஒரு ஐயா, பலாலிக்குப் பக்கத்து வயாவிளான் ஆள் எண்டு சாப்பிடேக்க கதைச்சு அறிஞ்சது, அவர் உடனே கேட்டார், "தம்பி, கட்டினது அவன் எண்டு வைப்பம். காணிக்காரனுக்கு என்ன குடுத்தவன்?" கைட் கொஞ்சம் யோசிச்சிட்டு "அது எனக்கு தெரியாது ஐயா, தேடிப் பாத்துச் சொல்லுறன்" எண்டார். தெரியாததை தெரியாது எண்டு சொன்னதுக்கு அவரில எனக்கு மரியாதை. ஆனா கேள்வி அதோட நிண்டுபோச்சு, வேனும் பேஸ்லைன் ரோட்டு ட்ராஃபிக்குக்குள்ள போயிட்டுது.

அந்தக் கேள்விக்குத்தான் இந்த டூரில ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்கவேணும் எண்டு நான் சொல்லுறன். ஏன் எண்டா ஒரு காலனியில ராணுவ விமானத்தளம் ஒண்டைப் பெருப்பிக்கிறதெண்டா முதல் சண்டை எதிரியோட இல்ல, பில்லோடதான். ரெண்டு வீட்டுக்கு நடுவில பொது மதில் கட்டுறதை நினைச்சுப் பாருங்க. எனக்கு அஞ்சடி மதில் போதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு பத்தடி வேணும், அவர் வந்து பாதி பாதி போடுவம் எண்டு சொன்னா அது கேக்க நியாயமா இருக்கும், ஆனா அத்திவாரமே பத்தடிக்குத்தான் வெட்டவேணும், மதில் நிக்கப்போறது என்ர காணியில, வருசா வருசம் வெள்ளை அடிக்கப்போறதும் நான். விமானத்தளமும் இதேதான். ஊர்ச் சேவைக்கு வாற சின்ன விமானத்துக்கு ஒரு நீளம் காணும், குண்டுவிமானத்துக்கு அது காணாது, தடிப்பும் காணாது, அதோட எங்கட மாதிரி வெக்கை ஊரில காத்து லேசா இருக்கும், எஞ்சின் இழுவை குறையும், அதே விமானத்துக்கு லண்டனை விட இங்க நீளமான ரன்வே வேணும். பிறகு குண்டுக் களஞ்சியம், படையாக்களுக்கு குவார்ட்டர்ஸ், விமானங்களை ஒண்டிட்ட இருந்து ஒண்டு தள்ளி நிப்பாட்டுற இடம், தண்ணி வடியுற வாய்க்கால், ஒதுக்கின ரோட்டுக்கு மாற்று ரோட்டு. இதில எது ஊருக்கு, எது படைக்கு? அடுத்த நாளில இருந்து பராமரிப்பு ஆர்? நாளைக்கு படை போனா மிச்சம் இருக்கிற சீமெந்து ஆருக்குச் சொந்தம்? பங்கு பிரிக்கிறதெண்டா இதெல்லாத்தையும் பிரிக்கவேணும், கட்டுற செலவை மட்டும் பிரிச்சா அது அரைவாசிக் கணக்கு.

இலங்கைக்கு இந்த வழக்கு விமானம் எண்டு ஒண்டு உலகத்தில வரமுதலே பழசு. 1864ல, இங்க இருக்கிற பிரிட்டிஷ் படைக்கான செலவை இலங்கை வருமானத்தில இருந்தே கட்டு எண்டு லண்டன் நெருக்க, சட்டசபையில இருந்த உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் கோப்பி வியாபாரி ஜோர்ஜ் வோலோட சேந்து ராஜினாமா செஞ்சு வெளிய வந்தாங்க, அடுத்த வருசம் சிலோன் லீக் எண்டு சங்கமே தொடங்கினாங்க. கோப்பித் தோட்ட முதலாளிமாரும் வியாபாரிமாரும்தான் அதில முன்னுக்கு நிண்டது, சாதாரண சனத்துக்காக நிண்டாங்க எண்டு நான் சொல்ல வரல, ஆனா கேட்ட கேள்வி சரியான கேள்வி: படையை எங்க வைக்கிறது எண்டு முடிவெடுக்கிறது நீ, காசு மட்டும் ஏன் நான்? ஹொங்கொங்கில இதை ஒரு வீதமாவே போட்டு வச்சிருந்தாங்க, 20ம் நூற்றாண்டின்ர தொடக்கத்தில அந்தக் காலனியின்ர வருமானத்தில 20 வீதம் படைச் செலவுக்குப் போகும்.

இப்ப ரத்மலானையைப் பாருங்க. வெள்ளைக்காரன் தன்ர காசில கட்டினான் எண்டு கைட் சொன்னது இதில முதலாவதாப் பிழைக்குது. கொழும்புக்கு கிட்ட ஒரு விமான நிலையம் வேணும் எண்டு 1934ல முடிவெடுத்தது அரசாங்க சபை, டொனமூர் காலத்துச் சபை, இலங்கை ஆக்கள் வாக்குப் போட்டு அனுப்பின உறுப்பினர்கள் இருந்த சபை. 1935 நவம்பர் 27ல முதல் விமானம் இறங்கினது, புஸ் மொத் எண்ட ஒரு சின்ன விமானம், மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின்ர டின்டேல் பிஸ்கோ ஓட்டி வந்தது. அப்ப அது சிவில் விமான நிலையம். போர் வந்தோடன ஆர்ஏஎஃப், அதாவது பிரிட்டிஷ் விமானப்படை, உள்ள வந்து அதைத் தன்ர தேவைக்குப் பாவிச்சது. ஊருக்கு எண்டு ஊர் போட்ட அத்திவாரத்துக்கு மேலதான் படையின்ர மாடி ஏறினது, அந்த அத்திவாரத்தின்ர பங்கை ஆரும் கணக்கில எடுக்கிறதில்ல.

கட்டுநாயக்க வேற கதை, அதை நேர்மையாச் சொல்லவேணும். அது போர்க் காலத்தில ஆர்ஏஎஃப் தனக்கெண்டு போட்டது, ஆர்ஏஎஃப் நீர்கொழும்பு எண்டு பேர். பிரிட்டிஷ் படை இங்க செலவழிச்ச காசால போர் முடியேக்க இலங்கைக்கு லண்டனில ஸ்டேர்லிங் கையிருப்பு, அதாவது பவுண் காசு, நல்லாவே சேந்திருந்தது, அதையும் மறைக்கேலாது. ஆக அவங்க ஒண்டும் போடல எண்டு சொல்லுறது என்ர வாதம் இல்ல. சும்மா தந்தாங்க எண்டு சொல்லுறதைத்தான் நான் ஏத்துக்கொள்ள மாட்டன்.

ஏன் எண்டா 1957. சுதந்திரத்துக்கு முதல், 1947 நவம்பர் 11ல டி.எஸ். சேனநாயக்கவும் ஆளுநர் மூரும் கையெழுத்துப் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தில, ரெண்டு பக்கமும் இணங்கிற மாதிரி தளங்களைப் பாவிக்க விடுறது எண்டு இருந்திச்சு, அதனால 48க்குப் பிறகும் கட்டுநாயக்கவிலயும் திருகோணமலைலயும் அவங்க இருந்தாங்க. 56 தேர்தல்ல பண்டாரநாயக்க தளங்களைத் திருப்பி எடுப்பன் எண்டு சொல்லித்தான் வந்தார், அந்த வருசமே எகிப்தில சுயஸ் கால்வாய்ப் பிரச்சினை, இங்க இருக்கிற தளத்தில இருந்து ஆரோட சண்டைக்குப் போறாங்க எண்ட கேள்வி பெரிசா எழும்பினது. 1957 ஒக்டோபர் 15ல திருகோணமலை, நவம்பர் 1ல கட்டுநாயக்க கைமாறினது. கைமாறேக்க இலங்கை காசு கட்ட ஒத்துக்கொண்டது. 22 மில்லியன் ரூபா, தவணையில. எங்கட மண்ணில நிக்கிற கட்டடத்துக்கும் நிலையான சொத்துக்கும். அந்தக் காலத்து 22 மில்லியன்.

அதை வாங்கினது பிழை எண்டு நான் சொல்லல. ஒரு பெரிய ரன்வேயும் அதைச் சுத்தின கட்டடங்களும் புதுசாக் கட்டப்போனா அதை விடக் கூட முடிஞ்சிருக்கும், பிறகு அந்தக் கட்டுநாயக்கதான் நாட்டின்ர சர்வதேச விமான நிலையமா வந்தது. 60கள்ல கனடா உதவியோட பெருப்பிச்சு, 1970ல பண்டாரநாயக்க பேர் வச்சு, இண்டைக்கு 3,350 மீட்டர் ரன்வே. எயார்போர்ட்டுக்குப் போற ரோட்டுக்கு கனடா ஃப்ரெண்ட்ஷிப் ரோட் எண்டு பேர் இருக்கிறது அதனாலதான், எங்கட வேன் அந்தப் பேர்ப் பலகைக்குக் கீழாலதான் போனது, கைட் அதைக் காட்டவே இல்ல! உதவி செஞ்ச கனடாவுக்கு ரோட்டுப் பேர் இருக்கு. தவணை கட்டின இலங்கைச் சனத்தின்ர பங்கு எங்க எழுதி இருக்கு? டூரிலயாவது ஒரு வசனம் வரட்டும் எண்டுதான் கேக்கிறன்.

மற்ற இடங்களோட ஒப்பிட்டாத்தான் இது இன்னும் தெளிவா விளங்கும். இங்க இருந்து போற நிலைமை வந்தோடன பிரிட்டிஷ்காரங்க விமானத்தளத்துக்கு மாலைதீவில கான் தீவைப் பிடிச்சாங்க. 1956ல போட்ட ஒப்பந்தத்தில 100 வருசக் குத்தகை, வருசத்துக்கு 2,000 பவுண். ஒரு முழுத் தீவுக்கு! கான் சனத்தை பக்கத்துத் தீவுக்கு மாத்தினாங்க. பிறகு இப்ராஹிம் நாசிர் பிரதமரா வந்து இது காணாது எண்டு நிண்டு, 1960ல புது ஒப்பந்தம், 30 வருசமாக் குறைச்சு, 100,000 பவுணும் அபிவிருத்திக்கு 750,000 பவுணும். கேட்டதாலதான் கூடினது. கேக்காம இருந்திருந்தா அந்த 2,000 தான். ஹொங்கொங்கில கைடாக் விமான நிலையம், அது சிவிலும் ஆர்ஏஎஃபும் சேந்து பாவிச்ச இடம், ஜப்பான்காரங்க பிடிச்சிருந்த காலத்தில போர்க்கைதிகளை வச்சு வேலை வாங்கிப் பெருப்பிச்சது, கவுலூன் கோட்டை மதிலின்ர கல்லையே உடைச்சு எடுத்தது. போருக்குப் பிறகு குடாவுக்குள்ள மண் நிரப்பி புது ரன்வே போட்டு 1958ல திறந்தாங்க, அதுக்கு லண்டன் தந்தது 3 மில்லியன் பவுண், அதுவும் வட்டியில்லாக் கடன். வட்டி இல்ல எண்டது நல்ல விசயம்தான். ஆனாலும் கடன், திருப்பிக் கட்டவேணும், விமானப்படை அதே ரன்வேயில தொடர்ந்து இறங்கினது.

அந்த ஐயாவின்ர கேள்வி இன்னும் இருக்கு. இவ்வளவு கணக்கிலயும் காணிக்காரன் எங்க? கொக்கலைல 1942ல ஊரையே எழுப்பித்தான் தளம் போட்டது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின்ர பிறந்த வீடு அந்த இடத்துக்குள்ளதான், அது தப்பி இண்டைக்கு மியூசியமா நிக்குது, சுத்தி இருந்த வீடுகள் நிக்கல. காலி றோட்டால மாத்தறைக்குப் போற எல்லாரும் அதைக் கடந்துதான் போறம். அரசும் அரசும் கையெழுத்துப் போடேக்க ரெண்டு பக்கமும் தங்கட பங்கைத் துல்லியமா எழுதுது. அந்த மண்ணில ஒரு தென்னையும் கிணறும் வச்சிருந்தவர் மூண்டாவது பங்காளி, அவர்தான் எல்லாருக்கும் முதல் கட்டினவர், நட்டஈடு எண்டு ஏதாவது வந்தாலும் அது காணிக்குத்தான் வரும், அவர் அந்த ஊரில இருந்து வாழ்ந்திருக்கவேண்டிய வருசங்களுக்கு வராது.

பலாலிக்கும் அதே. ஆர்ஏஎஃப் போர்க் காலத்தில போட்டது. பிறகு 1990 ஜூன் மாசம் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பி ஓடினது, உயர் பாதுகாப்பு வலயம், பல வருசத்துக்குப் பிறகு துண்டு துண்டா விடுபட்ட காணி, இன்னும் விடுபடாத காணி. 2019 ஒக்டோபர் 17ல யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமா திறக்கேக்க செலவுக் கணக்கு பத்திரிகையில வந்தது, இலங்கை அரசு 1,950 மில்லியன் ரூபா, இந்தியா 300 மில்லியன். ரெண்டு அரசுக்கும் தொகை இருக்கு. சென்னைக்கு திரும்ப விமானம் வந்ததில எனக்கு உண்மையிலயே சந்தோசம், என்ர சொந்தக்காரர் அதில போய் வந்தவங்க, கொழும்புக்கு இரவு பஸ் ஏறி வந்து கட்டுநாயக்கவில காத்துக்கிடக்கிற அலைச்சல் இல்ல. அந்த சந்தோசத்தோடயே சொல்லுறன், ரன்வேயை அடுத்த கட்டமா நீட்டுற கதை வரேக்கெல்லாம் மேசையில முதல்ல வைக்கவேண்டியது காணி உறுதிதான், பிறகுதான் சீமெந்து விலை.

அந்த ஐயா வேனில இருந்து இறங்கேக்க என்னட்ட சொன்னார், தங்கட வளவில இருந்து பாத்தா விமானம் இறங்கிறது முழுசாத் தெரியுமாம், சின்ன வயசில அதைப் பாக்க மதிலில ஏறினதுக்கு அடி வாங்கினவராம். அவரைப் போல ஆக்கள் இருக்கிற வேனில இந்தக் கதை கட்டாயம் வரவேணும். கைட்டுக்கு நினைவாற்றல் இருக்கு, குரல் இருக்கு, சனத்தை நிப்பாட்டி வைக்கிற வித்தை இருக்கு, அந்த ஃபைலில இன்னும் ரெண்டு பக்கம் சேத்தா காணும்.

மற்றதெல்லாம் சுருக்கமா. வேன் ஏசி நல்லா வேலை செஞ்சது, டிரைவர் அமைதியா ஓடினார், சீட் நடுவரிசை கொஞ்சம் நெருக்கம், உயரமான ஆக்கள் முன்னுக்குக் கேட்டு வாங்குங்க. சாப்பாடு சோறும் மீன் குழம்பும் பருப்பும் வல்லாரைச் சம்பலும், அம்மா சைவம் எண்டு முதல்லயே சொல்லி வச்சதால அவவுக்கு வேறயா கத்தரிக்காயும் அப்பளமும் வந்தது, மறக்காம செஞ்சதுக்கு நன்றி. தண்ணிப் போத்தல் ஒண்டுதான் தாறாங்க, காணாது. ரேஸ் கோர்ஸில வெயிலில நிக்கிற நேரம் கூட, தொப்பி கொண்டு போங்க. அடையாள அட்டையும் கொண்டு போங்க, விமானப்படை இடத்துக்குள்ள போறது. கட்டுநாயக்கவில உள்ள போகேலாது, வெளிய இருந்து பாக்கிறது மட்டும்தான், விளம்பரத்தில அதை வடிவாச் சொல்லியிருக்கலாம், பிள்ளைகள் கிட்டப் போய் விமானம் பாக்கலாம் எண்டு நினைச்சு வந்து ஏமாந்தாங்க.

நடத்துற ஆக்களுக்கு ரெண்டு யோசனை. கட்டுநாயக்க பயணத்தில எக்ஸ்பிரஸ்வே ஏறினதுக்குப் பிறகு பாக்க ஒண்டும் இல்ல, எல்லாரும் நித்திரை, அந்த நேரத்தில 1957 ஒப்பந்தத்தைப் பற்றி, 22 மில்லியனைப் பற்றி, கனடா ரோட்டைப் பற்றிக் கதைச்சா சரியா பொருந்தும். மற்றது, கொக்கலைக்கு ஒரு தனி நாள் டூர் போடுங்க, தெற்கு எக்ஸ்பிரஸ்வேயால போனா ஒரே நாளில போய் வரலாம், நான் முதல் ஆளா புக் பண்ணுவன், அந்த ஐயாவையும் கேட்டு வச்சிருக்கிறன், அவரும் வாறாராம்.